66 வயது அம்மாவை டால்பின் நோஸ் பாறைக்கு அழைத்துப் போகலாமா?

கரூர்க்காரன்
வணக்கம். பொங்கல் முடிந்த மறுவாரம் நான், மனைவி, அம்மா மூவரும் கொடைக்கானல் போகிறோம். 1979இல் கல்லூரிச் சுற்றுலாவில் போனபோது பக்கத்திலிருக்கும் வட்டக்கானல் கிராமத்திலிருந்து இறங்கி, மலை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் டால்பின் நோஸ் பாறையில் தோழிகளோடு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டாராம் அம்மா. "இன்னொரு தடவை அந்தப் பாறையைப் பார்த்துடணும்டா" என்று இந்த வருஷம் மட்டும் நாலு முறை சொல்லிவிட்டார். இடது முட்டியில் தேய்மானம் இருக்கிறது. சமதளத்தில் நன்றாக நடப்பார், மாடிப்படியில் மட்டும் நடுவில் ஒரு தடவை நிற்பார். வீடியோவில் பார்த்தால் எல்லாரும் குதித்துக்கொண்டு இறங்குகிறார்கள், பாதை எப்படியென்றே பிடிபடவில்லை. போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பெரியகுளத்தான்
தம்பி, எங்கள் ஊர் அந்த மலைக்கு நேர் கீழே. சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். உள்ளதைச் சொல்கிறேன்.

தூரம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆரம்பத்தில் வீடுகள், டீக்கடைகள் ஓரமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. மரக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் பாதை முழுக்க வேர்தான். மண் அரித்துப்போய் வேரெல்லாம் படிக்கட்டு மாதிரி வெளியே நிற்கும். ஒன்று கணுக்கால் உயரம் இருந்தால் அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். ஈரமாக இருந்தால் எண்ணெய் தடவினதுபோல வழுக்கும். போகும்போது இறக்கம் முட்டியைப் பிடிக்கும், வரும்போது ஏற்றம் மூச்சை வாங்கும். அம்மாவுக்கு இரண்டுமே சிரமம்.

இருந்தாலும் கூட்டிப்போக வேண்டாமென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வட்டக்கானல் வரை கண்டிப்பாகப் போங்கள். மரக்கூட்டம் தொடங்குகிற இடம் வரை மெதுவாக நடக்கட்டும். கையில் ஒரு கம்பு வேண்டும். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ போடச் சொல்லுங்கள். எங்கே முட்டி வலிக்க ஆரம்பிக்கிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும், "இன்னும் கொஞ்சம்தான்" என்று இழுக்கக் கூடாது. அந்த "கொஞ்சத்தை"யும் சேர்த்துத்தான் திரும்ப ஏற வேண்டும்.

காலை 8 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மதியமானால் மேகம் வந்து மூடிக்கொள்ளும். பாறை முனையில் நின்றாலும் வெள்ளையாக ஒரு சுவர் மாதிரிதான் தெரியும், எங்கள் ஊர் தெரியாது. கொடையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். நீங்கள் தை மாதம் போவது நல்ல நேரம். நீங்களும் முனைக்குப் போகாதீர்கள். படம் எடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. பாறையின் நடுவில் நின்றாலே எல்லாம் தெரியும்.

கோவை அக்கா
போன வருஷம் என் மாமியாரோடு போய்ப் பாதியில் திரும்பினோம். அவருக்கு இறங்கியதைவிடப் பாதியில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிடித்திருந்தது. அம்மாவைத் தனியே உட்காரவைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள் தம்பி. மாற்றி மாற்றி ஒருவர் கூட இருங்கள்.

கோக்கர்ஸ் வாக்கை விட்டுவிடாதீர்கள். 1872இல் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர், தளம் போட்டது, சாய்வும் குறைவு. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே டால்பின் நோஸ் தெரியும். வண்டிக்கு இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

மலைநடை
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். டால்பின் நோஸிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரை அருவி வரை இறங்கலாம் என்கிறார்களே, நாங்கள் நாலு பேர் போகலாமா?

பெரியகுளத்தான்
வழி இருக்கிறது. மலைமேல் தார்ச்சாலை வருமுன் எங்கள் பக்கத்து ஆட்கள் கொடைக்கு ஏறின வழியே அதுதான். ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் எங்கள் மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் காட்டுத்தீயில் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி மலையில் தெரிந்த நெருப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கோடையில் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்பது கீழே இருக்கிற எங்களுக்குத் தெரியும். அனுமதி வாங்கி, வழி தெரிந்த உள்ளூர் ஆளோடு போங்கள்.

கரூர்க்காரன்
போய்விட்டு வந்தோம். பெரியகுளத்து அண்ணனுக்கும் கோவை அக்காவுக்கும் ரொம்ப நன்றி.

ஏழே முக்காலுக்கு இறங்க ஆரம்பித்தோம். வேர்கள் தொடங்கி இருபது நிமிஷத்தில் அம்மாவே ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இந்த வேரெல்லாம் இவ்வளவு வெளியே இல்லடா" என்றார். மனைவி கூட இருக்க, நான் மட்டும் பாறை வரை போனேன். நடுவிலேயே நின்றேன். கீழே பெரியகுளம் பக்கத்துக் கண்மாய்கள் கண்ணாடித் துண்டுபோல மின்னின. திரும்பி ஏற அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு இடத்தில் நின்றோம், அவசரப்படவில்லை.

மறுநாள் காலை கோக்கர்ஸ் வாக். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா கை நீட்டி, "அதோ பாரு, அந்த நீட்டிக்கிட்டு இருக்கிறதுதான்" என்றார். மேகம் வந்து மூடும்வரை அரை மணி நேரம் அங்கேயே நின்று, அன்று கூட வந்த தோழிகள் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி விடுதியிலேயே சொல்லிச் செய்துவாங்கி வந்த புளிசாதத்தை அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.