புதுப்பிப்பு: பழைய எஃப்-100க்கு கிரவுன் விக்டோரியாவின் முன்பக்கம்

என் 1972 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பின் முன் டயர்கள் உள்பக்கமாகத் தேய்வதைச் சொல்லி, முன் சஸ்பென்ஷனையே மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

பழைய இரட்டை ஐ-பீம் அமைப்பில் (முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீள இரும்புச் சட்டம்) வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரத்தின் சாய்வும் மாறும். நான் ஸ்பிரிங்கை வேறு தாழ்த்தியிருந்தேன், தேயாமல் என்ன செய்யும்! உடைப்புக் கடையில் ஃபோர்டின் 2006 கிரவுன் விக்டோரியா கார் கிடைத்தது. 2003 முதல் வந்தவற்றில் அலுமினியக் குறுக்குச்சட்டம், மேல், கீழ் ஆர்ம்கள், ரேக் ஸ்டீயரிங் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கழன்று வரும். இந்த மாற்றம் இவ்வளவு பிரபலமானதற்கு அதுதான் காரணம்.

சேஸில் துளை போட்ட அன்றுதான் சொதப்பினேன். இடப்பக்கம் நான்கு துளையும் போட்ட பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்தால் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். சுண்ணாம்புக் கோட்டை நம்பியதன் பலன். வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி போட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போச்சு.

அப்புறம் சக்கரம். முன்னால் இப்போது 5 போல்ட், அவை அமரும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர்; பின் ஆக்சிலில் இன்னும் 139.7. ஆக, ஸ்டெப்னி ஒன்று போதாது. புதிய முன்பக்கம் அகலமும்கூட. பழைய ரிம் போலவே வெளியே தள்ளி அமரும் ரிம் போட்டிருந்தால் டயர் ஃபெண்டரில் உரசும். உள்ளே ஆழமாக அமரும் ரிம்தான் வேண்டும்.

ஓட்டம்? ஒரு விரலில் ஸ்டீயரிங் திரும்புகிறது, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே. பழைய பம்பின் அழுத்தம் கூடுதல் என்று சந்தேகம். அலைன்மென்ட் அடுத்த வாரம்.