நடுகல் எழுத்து மேல எண்ணெய்ப் பிசுக்கு, படிக்க முடியல, உதவி பண்ணுங்க

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் எங்க ஊர். ஏரிக்கரையில ஒரு நடுகல் இருக்கு, மூணடி உயரம், ஒரு கையில வில்லு இன்னொரு கையில குறுவாள் வச்ச வீரன், தலைக்கு மேல அஞ்சு வரி எழுத்து. வேடியப்பன்னு கும்பிடுறோம், எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி எழுத்து மேல கறுப்பா படிஞ்சு போச்சு. மாடுங்கள ஓட்டிட்டுப் போனவங்கள மறிச்சு செத்தவர்னு பாட்டி சொல்லும், பேரு மட்டும் யாருக்கும் தெரியல. நம்ம மாவட்டத்து எடுத்தனூர் கல்லுல, பல்லவ ராஜா மகேந்திரவர்மனோட 34ஆவது ஆட்சியாண்டுல வச்சது, கோவிவன்ங்கிற நாயோட பேரு கூட நிக்குது, எங்க ஊருக்காக செத்த மனுசன் பேரு இப்படி மறைஞ்சு கிடக்கேன்னு மனசு ஆறல.

ராத்திரியில டார்ச்ச சைடுல இருந்து அடிச்சு போட்டோ எடுத்தேன், முதல் வரியில வட்டெழுத்துல (பழைய தமிழ் எழுத்து) 'கோவிசைய'னு, ராஜா பேருக்கு முன்னாடி வர்ற பட்டம், தெரியுது, கீழ 'தொறு' (மாட்டு மந்தை) மாதிரி ஒண்ணு, மத்தது எல்லாம் பிசுக்குதான். பேப்பர நனச்சு ஒத்திப் பார்த்தேன், ஒட்டவே இல்ல. வெறும் தண்ணி, பருத்தித் துணி, ஒண்ணும் நகரல. சீயக்காய் போட்டு நாருல தேய்னு சிலர் சொல்றாங்க, ஒருத்தர் ஆசிட்னு சொன்னார், எழுத்தே போயிடும்னு பயந்து கைவைக்கல. ரெண்டு மாசம் முன்னாடி மனு குடுத்தேன், பதில் இல்ல. பூசாரி சம்மதிச்சுட்டார், ஆனா ஆடி பூஜைக்கு மறுபடி எண்ணெய் பூசிடுவாங்க.

மைப்படி (கல்லெழுத்த மை தடவி பேப்பர்ல படி எடுக்கிறது) எடுத்துப் பழக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க, கல்லுக்கு சேதமில்லாம இந்தப் பிசுக்க எதை வச்சு எடுக்கிறது?