இராமலிங்க விலாசம்: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பரமக்குடி, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

இராமேசுவரம் போகிறவர்கள் இராமநாதபுரத்தில் டீ குடிக்க மட்டும் இறங்குகிறார்கள். அங்கே அரண்மனைக்குள் இராமலிங்க விலாசம் என்ற மண்டபம் முழுக்க முந்நூறு வருஷத்து ஓவியங்கள் இருப்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. ஓவியம் சொல்லிக்கொடுத்தே காலம் ஓட்டியவன் நான். எனக்கு இதில் ஆதங்கம் அதிகம். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஓவியக்கூடம் காட்ட வேண்டுமென்றால் மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டாம். போனவர்கள் அங்கே என்ன பார்த்தீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிய மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய மாளிகை இது. அவருக்குப் பின் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில்தான் சுவர், தூண், விதானம் எல்லாம் வண்ணம் ஏறின. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் ஒன்றும் பிடிபடாது. அவசரப்பட்டு நடக்காமல், கண் பழகும்வரை ஒரு தூணோரம் நில்லுங்கள். காவியும் மஞ்சளும் மெல்ல மேலே வரும், பிறகுதான் கருப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் நான் போகிறேன். மூக்கும் நாடியும் ஒரே இழுப்பில் வந்திருக்கின்றன. தடுமாறிய கை அல்ல அது.

இரண்டு ஓவியங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் இராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். மற்றதில் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு இரத்தினங்களால் மரியாதை செய்கிறார். அதிகாரம் அம்மனிடமிருந்து, மதுரையிடமிருந்து வருவது மரியாதை. மதுரைக்கு அடங்கிய பாளையம் என்று யாரும் தன்னை நினைத்துவிடக் கூடாதென்று சேதுபதி சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார் என்றுதான் நான் படிக்கிறேன்.

அம்மன் ஓவியத்தின் முன்னால் முதுகுளத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். பேரன் ஏதோ வேலையாகக் கலெக்டர் ஆபீஸ் போயிருக்கிறான், வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்திருக்கிறார். "யாரு தம்பி இந்த ராசா?" என்று கேட்டார். சொன்னேன். "ஆத்தா கையால வாங்குன கோலா? அப்ப சரிதான்" என்றார். பிறகு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பெண்ணின் இடுப்புச் சேலையின் கட்டத்தைக் காட்டி, தன் மாமியார் உடுத்திய கண்டாங்கியில் இதே கட்டம் இருந்தது என்றார். வருஷக்கணக்கில் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் துணிகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒவ்வொருவர் உடுப்பிலும் வேறு வேறு பூ, வேறு கரை. அதை மட்டும் பார்ப்பதற்கே ஒரு காலைப் பொழுது வேண்டும்.

தங்கச்சிமடம், பள்ளி ஆசிரியை:

வணக்கம் சார். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். வரிசையாக நிற்க வைத்து விளக்கம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிடும் என்பதால், ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒருவருக்குக் குதிரை, ஒருவருக்கு நகை, ஒருவருக்கு ஆயுதம். அதை மட்டும் தேடிப் பிடித்து நோட்டில் வரைய வேண்டும்.

ஆயுதம் எடுத்தவன் போர் ஓவியத்தை விட்டு நகரவே இல்லை. தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டை அது. வாள், ஈட்டி மட்டும் இருக்கும் என்று நினைத்துப் போயிருக்கிறான், துப்பாக்கி இருக்கிறது. "டீச்சர், அப்பவே துப்பாக்கி வந்துருச்சா?" என்று கேட்டான். 1700களின் தொடக்கம் என்றால் என்ன என்று பாடப் புத்தகத்தில் நான் எவ்வளவு சொல்லியும் ஏறாதது அங்கே ஒரு நொடியில் ஏறியது.

இராமாயணத்தில் பாலகாண்டம் வரிசையாக ஓடுகிறது. கதை தெரிந்த பிள்ளைகள் அடுத்தது என்ன என்று ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஓவியத்தோடு தமிழில் விளக்கம் எழுதியிருப்பது பெரிய வசதி. பழைய கையெழுத்து, சில இடத்தில் புள்ளி இருக்காது, எழுத்து அழிந்திருக்கும். கூடி நின்று எழுத்துக் கூட்டினார்கள். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளைதான் ஒரு வரியை முழுசாகப் படித்து முடித்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, "அடுத்த வரி படி, அடுத்த வரி படி" என்றார்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

இராமநாதபுரம், கார் ஓட்டுநர்:

சார், நம்ம அனுபவம். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒண்ணு, ராமேஸ்வரம் சவாரி. "பத்து நிமிஷத்துல வந்துடுறோம்ணே"ன்னு அரண்மனைக்குள்ள போனாங்க. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. காலேஜ் படிக்கிற பொண்ணு வெளிய வரவே மாட்டேங்குது. அவங்க அப்பாவுக்குக் கோவம். எனக்குப் பதறுது, ஏன்னா தனுஷ்கோடிக்குச் சாயங்காலத்துக்கு மேல வண்டி விடமாட்டாங்க. நானே உள்ள போய்க் கூப்பிட்டேன். "அண்ணே, இங்க வாங்க, இந்தக் குதிரையோட கண்ணைப் பாருங்க"ன்னுச்சு. இத்தனை வருஷம் வாசல்லயே வண்டி போட்டிருக்கேன், அன்னைக்குத்தான் நான் நின்னு பாத்தேன். அதுக்கப்புறம் எந்தச் சவாரி வந்தாலும் முதல்ல அரண்மனை, பொறவு பாம்பன்னு நானே சொல்லிடுறேன். காலையில வந்தீங்கன்னா தாராளமா பாக்கலாம். வார விடுமுறை எந்த நாள்னு கேட்டுக்கிட்டு வாங்க.

கீழக்கரை, இல்லத்தரசி:

டீச்சர் லாத்தா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுத வேண்டும் போல இருந்தது. எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே கேட்கிற பேச்சு, இராமலிங்க விலாசம் எழும்பியதில் வள்ளல் சீதக்காதியின் கையும் உண்டு என்பது. கிழவன் சேதுபதிக்கு அவர் அவ்வளவு நெருக்கம். அதனால் உம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, சொந்தக்காரர் வீட்டைப் பார்க்க வந்ததுபோல்தான் சுற்றிப் பார்த்தார்கள்.

உம்மா அதிக நேரம் நின்றது ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்திருக்கும் ஓவியத்துக்கு முன்னால். தொப்பியும் காலுறையும் போட்ட வெள்ளைக்காரர்கள். டச்சுக்காரர்கள் சேதுபதிகளோடு முத்துக்குளிப்புக்கும் சங்குகுளிப்புக்கும் ஒப்பந்தம் போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். உம்மாவின் வாப்பா சங்குகுளிக்கப் போனவர். "பேரம் இங்க பேசிருக்காங்க, மூச்சடக்கி முங்குனது நம்ம ஆளுக" என்றார்கள். அந்த ஓவியத்தில் கடல் இல்லை, முங்குகிறவனும் இல்லை. ஆனால் உம்மா சொன்ன பிறகு எனக்கு அவனில்லாமல் அந்த ஓவியத்தைப் பார்க்க முடியவில்லை.

அரண்மனை பார்த்தவர்கள் அப்படியே கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளிக்கும் வாருங்கள். கோயில் மண்டபத்துக் கல்வேலைதான், அதே உளி. ஆனால் தூணில் ஓர் உருவம் கிடையாது, பூவும் கொடியும்தான். அரண்மனையில் உருவங்களாகப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்லும். தொழுகை நேரம் தவிர்த்து வாருங்கள், வாசலில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி, கொத்தனார்:

எல்லாரும் ஓவியத்தைச் சொல்கிறீர்கள். நான் சுவரைச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் பழைய பூச்சு வேலை பார்த்த கை இது. அரண்மனைக்குள் போனால் எனக்கு முதலில் பூச்சுதான் தெரியும். அந்தக் காலத்தில் சுண்ணாம்பை நீத்து வைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் புளிக்கவிட்டு அடுக்கடுக்காகப் பூசுவார்கள். மேல்பூச்சை மழமழவென்று தேய்த்து எடுத்தால்தான் ஓவியன் கோடு இழுக்க முடியும். ஓவியர் அய்யா சொன்ன தடுமாறாத கோட்டுக்குக் கீழே தடுமாறாத பூச்சுக் கரணை ஒன்று இருக்கிறது.

இது கடலோர ஊர். தரையின் ஈரம் சுவரில் ஏறும், ஈரத்தோடு உப்பும் ஏறும். தண்ணீர் காய்ந்து போய்விடும், உப்பு போகாது. பூச்சுக்குள்ளேயே பூத்து நிற்கும். பூத்த உப்பு மேலே உள்ள வண்ணத்தைத் தள்ளும், வண்ணம் பொரிந்து உதிரும். பழைய சுவரின் அடிப்பக்கம் முதலில் கெடுவது இதனால்தான். இதைச் சிமெண்டு வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பால்தான் பார்க்க வேண்டும், அதற்குப் பழகிய கைகள் வேண்டும். எங்கள் தொழிலில் அது தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். என் மகனுக்குக் காட்டுவதற்காகவே அவனை அங்கே கூட்டிப் போனேன். வண்ணம் உதிர்ந்த இடத்தில் உள்ளடுக்கு தெரியும், அங்கே நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

தயவுசெய்து சுவரில் சாயாதீர்கள், விரல் வைத்துக் காட்டாதீர்கள். வேர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடம் கறுத்துப் போகும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

பரமக்குடி, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

கொத்தனார் தம்பி, இத்தனை வருஷம் கோட்டைப் பற்றிப் பேசியவன் கரணையைப் பற்றி யாரிடமும் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த முறை நீங்கள் மகனோடு போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

இராமேசுவரம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: 1212 தூண்கள் உள்ள மூன்றாம் பிராகாரத்தில் நேராக மட்டும் பார்க்காமல் அண்ணாந்தும் பாருங்கள், விதானத்தில் வண்ண வேலை இருக்கிறது. கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் கண்ணுக்கு வேறு வேலையும் இல்லை. பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறந்த அப்துல் கலாம் நினைவிடத்திலும் அவர் வாழ்க்கையை ஓவியங்களாக வைத்திருக்கிறார்கள். அது வேறு வகை, புது வகை. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் கேட்டால் என் மனசு அரண்மனைக்குத்தான்.

முதுகுளத்தூர், இப்போது சென்னையில்:

காலாண்டு லீவுக்கு ஊருக்கு வருகிறோம். ஐந்து வயசு, ஒன்பது வயசு இரண்டு பிள்ளைகள். அரசரும் பெண்களுமாகச் சிருங்கார ஓவியங்களும் இருப்பதாகச் சொல்கிறார்களே, கூட்டிப் போகலாமா டீச்சர்?

தங்கச்சிமடம், பள்ளி ஆசிரியை:

தாராளமாகக் கூட்டிட்டு வாங்கம்மா. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே அடுத்த ஓவியத்துக்குப் போய்விட்டார்கள். நாம் பதறினால்தான் அவர்கள் நின்று பார்ப்பார்கள். கேட்டால் ராஜாவும் ராணியும் என்று சொல்லுங்கள், போதும். சின்னவனுக்குக் குதிரைகளை எண்ணும் வேலை கொடுங்கள், பெரியவளுக்குப் பாலகாண்டம். கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும், பேனாவும் கலர் பெட்டியும் பையிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை உள்ளே திறக்காமல், வெளியே வந்து குடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் நானும் இரண்டு பிள்ளைகளோடு வந்து நிற்கிறேன், அந்த வரியைப் படித்தவளும் வருவாள்.