மகளிர் காவல் நிலையம் சமாதானம் பேசி அனுப்பிவிட்டால் அடுத்து எங்கே போவது?

கேள்வி: குடியாத்தம் அக்கா

என் தங்கையை ஆற்காட்டில் கட்டிக்கொடுத்தோம். கணவரின் அடி பொறுக்க முடியாமல் குழந்தையோடு குடியாத்தத்தில் உள்ள எங்கள் தாய் வீட்டுக்கு வந்தபோது, மகளிர் காவல் நிலையம் ஒன்றில் புகார் கொடுத்தோம். இரு வீட்டாரையும் வரவழைத்து, பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்து, "இனிச் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்கிறோம்" என்று இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளின் நகல்கூட எங்கள் கையில் இல்லை. திரும்பிப் போனவளை அவர் மறுபடியும் அடித்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அதே நிலையத்துக்குப் போனால், சம்பவம் நடந்த ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், எங்களால் எடுக்க முடியாது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்கிறார்கள். அடித்தவர் இருக்கும் ஊருக்கே போய்ப் புகார் கொடுக்க அவள் பயப்படுகிறாள். அம்மா பீடி சுற்றிச் சம்பாதிப்பதில்தான் வீடு நடக்கிறது. வக்கீல் செலவுக்கு வழியில்லை. இங்கேயே வழக்குப் பதிய வைக்க முடியுமா? மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினால் அந்தக் கோபம் தங்கை மேல் திரும்புமா?

பதில்: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பியது சட்டப்படி செல்லாது, சகோதரி. 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தது நிர்வாக வசதிக்காகத்தான்; அதனால் உங்கள் தங்கையின் உரிமை எதுவும் குறைந்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். மேலும், கொடுமையால் வீட்டை விட்டு வெளியேறிய மனைவி தஞ்சம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். அதற்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு. முதல்நிலை விசாரணை செய்துவிட்டுச் சொல்கிறோம் என்று இழுத்தடிக்க 173(3) பிரிவு இடம் தருவது ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே. ஆகவே கணவர் இழைக்கும் கொடுமைக்கான பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 85ஆவது பிரிவோடு நின்றுவிடாமல், மணிக்கட்டு முறிந்ததையும் புகாரில் தெளிவாக எழுதுங்கள். எழுத்து மூலமாகக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்துடன் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தை அணுகலாம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெண் என்ற ஒரு தகுதியே போதும்; வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பதில்: ஓய்வு பெற்ற பெண் உதவி ஆய்வாளர்

நான் மகளிர் நிலையங்களில் பணியாற்றியவள். 1992இல் தமிழ்நாட்டில் இந்த நிலையங்கள் தொடங்கப்பட்டது, ஒரு பெண் கூசாமல் உள்ளே வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. ஆனால் திருவிழா, அரசியல் கூட்டம் என்று பாதுகாப்புப் பணிக்கு ஆட்களை எடுத்துக்கொண்டு, மிச்சம் இருப்பவர்களிடம் குடும்பப் புகார்களைக் குவித்துவிடுகிறார்கள். வழக்குப் பதிந்தால் புலனாய்வு, குற்றப்பத்திரிகை, சாட்சி என்று ஆண்டுக்கணக்கில் நீளும்; பேசி அனுப்பினால் அன்றைக்கே முடிந்துவிடும். குடும்பத்தைப் பிரித்த பாவம் நமக்கு வேண்டாம் என்ற எண்ணமும் பலரிடம் வேரூன்றி இருக்கிறது. காயத்தோடு வந்த பெண்ணைச் சமாதானம் பேசி அனுப்புவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். அவள் கையெழுத்திட்ட அந்தத் தாளையே நாளை எதிர்த்தரப்பு வக்கீல், "எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தாரே" என்று நீதிமன்றத்தில் நீட்டுவார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், அம்மா. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ குடியாத்தம் அரசு மருத்துவமனையோ, எங்கே காட்டினாலும் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கணவர் பக்கத்தில் நிற்கும்போது மருத்துவர் கேட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் பெரும்பாலான பெண்கள் சொல்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்தே பின்னால் வழக்கை உடைப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால், ஏன் சொன்னாள் என்பதைப் புகாரிலேயே விளக்கிவிடுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

பதில்: மனித உரிமைப் பணியாளர், வேலூர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது. 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆவது பிரிவுப்படி, உரிமை மீறல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது. அங்கே நாம் முறையிடுவது கணவரைப் பற்றி அல்ல, கடமை தவறிய அரசு ஊழியரைப் பற்றி. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. அதன்படி, வீட்டுக்குள் ஒரு தனிமனிதர் செய்யும் வன்முறையைக்கூட உரிய அக்கறையோடு தடுக்கவும் விசாரிக்கவும் தவறினால் அரசே பொறுப்பாளி. ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியிருப்பதால், இது வீணாகப் போகும் முறையீடு அல்ல.

பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது. முறையீட்டின் நகலைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பி, தங்கைக்கு ஏதேனும் நெருக்கடி வந்தால் அதையும் கவனிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். அவசரமென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தங்கை இனி அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை. ஆனால் அவளுடைய நகையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எப்படி மீட்பது?

பதில்: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

ஓராண்டுக் கெடுவைப் பற்றி நண்பர் சொன்னது சரி. காவல் புகார், ஆணைய முறையீடு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். நகைக்கும் சான்றிதழுக்கும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். தங்கை இப்போது வசிக்கும் இடத்தை வைத்தே மனுப் போடலாம் என்பதால், குடியாத்தம் நடுவர் நீதிமன்றமே போதும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை தயாரித்து உதவுவார். அவருடைய அறிக்கை இல்லாமலும் நடுவர் உத்தரவிடலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சீதனத்தையும் அவளுக்கு உரிய மற்ற பொருள்களையும் திருப்பித் தரவும், உத்தரவை நிறைவேற்றக் காவல் நிலையம் துணை நிற்கவும் 19ஆவது பிரிவில் கேளுங்கள். 23ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவும் கோருங்கள். பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நகைப் பட்டியலையும், திருமணப் படங்களில் அவள் அவற்றை அணிந்திருப்பது தெரிந்தால் அந்தப் படங்களையும் எடுத்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள்.