ஜப்பானில் மேலைச் செவ்விசை, ஓபரா சுற்றுலா: வழிகாட்டியுடன் போவதா, தனியாகப் போவதா?

கேள்வி: நீலக்குறிஞ்சி

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் நானும் என் மனைவியும் ஜப்பான் செல்ல எண்ணியிருக்கிறோம். மேலைச் செவ்விசைக் கச்சேரிகளையும் ஓபரா என்னும் பாட்டு நாடகத்தையும் நேரில் கேட்பதே எங்கள் முதன்மை நோக்கம்; மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இசைச் சுற்றுலாக்களை நடத்தும் ஒரு நிறுவனம், டோக்கியோவில் தொடங்கிக் கியோட்டோவில் முடியும் ஒரு தொகுப்பை அனுப்பியிருக்கிறது. ஓர் ஓபராவும் மூன்று கச்சேரிகளும் அதில் அடங்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு இசை அறிந்த வழிகாட்டி ஒருவர் விளக்கவுரை ஆற்றுவார் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘புகழ்பெற்ற அரங்குகளில் உயர்தர இருக்கைகள்’ என்பதற்கு மேல், அரங்கின் பெயரோ இசைக்குழுவின் பெயரோ அதில் இல்லை.

எங்கள் இருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. ஓபரா இசையமைப்பாளர்களான வெர்டியையும் புச்சினியையும் பதிவுகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். அரங்கில் ஓபரா பார்த்ததில்லை. இத்தகைய தொகுப்புக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது தகுமா? மேலைச் செவ்விசைக்குப் பெயர்பெற்ற வியன்னாவை விட்டுவிட்டு இதற்காக ஜப்பான் போவானேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் உங்கள் விடையை அறிய விரும்புகிறேன்.

பதில்: மூன்றாம்வரிசை

டோக்கியோவில் வசிப்பவன், கச்சேரிகளுக்குத் தவறாமல் செல்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அரங்கு, படைப்பு, நாள், இருக்கை வகுப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் தராத தொகுப்புக்கு முன்பணம் கட்ட வேண்டாம். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரணத்தை விளக்குகிறேன். டோக்கியோவின் ஹட்சுதாய் பகுதியில் 1997-இல் திறக்கப்பட்ட புதிய தேசிய அரங்கம், ஓபராவுக்கும் பாலேவுக்கும் நவீன நாடகத்துக்கும் உரிய தேசிய அரங்காகும். அதன் ஓபரா மாளிகையில் 1,814 இருக்கைகள் உள்ளன. ஆனால் ஐரோப்பாவின் பெரிய அரங்குகளைப் போல அங்கே இரவுக்கொரு ஓபரா மாறி மாறி நடைபெறுவதில்லை. ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு வார காலத்துக்குள் நான்கைந்து முறை மேடையேற்றிவிட்டு, அடுத்ததற்கு ஒத்திகை தொடங்கிவிடுவார்கள். இடையிடையே அதே மேடை பாலேவுக்குப் போய்விடும். ஆகவே நீங்கள் டோக்கியோவில் தங்கும் அந்த ஒரு வாரத்தில் ஓபராவே இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. முதலில் அரங்கின் பருவ அட்டவணையைப் பார்த்து, அதன் பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும். பருவம் அக்டோபரை ஒட்டித் தொடங்கிக் கோடையில் முடிகிறது என்பதால் நவம்பர் நல்ல மாதமே.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த அரங்கில் மேடையின் இருபுறமும் ஜப்பானிய மொழியோடு ஆங்கிலத்திலும் வசனங்கள் ஓடுகின்றன. விலையிலும் பெரும் வேறுபாடு உண்டு. வெளிநாட்டு ஓபரா நிறுவனங்கள் முழுக் குழுவுடன் வந்து நிகழ்த்தும்போது முதல் வகுப்பு இருக்கை 50,000 யெனைத் தாண்டிவிடும். தேசிய அரங்கின் சொந்தத் தயாரிப்புக்கு அதைவிட மிகக் குறைவாகவே ஆகும். பார்வை மறைக்கும் ஓரத்து இருக்கைகளை 1,650 யெனுக்கே தருகிறார்கள். எனவே ‘உயர்தர இருக்கை’ என்னும் சொல்லைக் கொண்டு மட்டும் தொகுப்பின் விலையை மதிப்பிட முடியாது.

டோக்கியோவின் உவேனோ பகுதியிலுள்ள டோக்கியோ புன்கா கைகான் என்னும் கச்சேரி அரங்கு, குனியோ மயேகாவாவின் வடிவமைப்பில் 1961-இல் திறக்கப்பட்ட அருமையான கட்டடம். அது புதுப்பிப்புப் பணிக்காக 2026 மே மாதம் தொடங்கி நீண்ட காலம் மூடப்படுகிறது. பழைய பயணத்திட்டத்தில் இருந்த அதன் பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: கருங்குயில்

நான் வழிகாட்டியுடன் சென்றவள். தக்க வழிகாட்டி கிடைத்தால் கொடுக்கும் பணத்துக்கு மேலாகவே பெறலாம் என்பது என் கருத்து. கச்சேரிக்குச் சீட்டு வாங்குவதை நாமே செய்துகொள்ளலாம். பகல் வேளையில்தான் வழிகாட்டியின் அருமை தெரிகிறது.

உவேனோ பூங்காவில் பழைய சோகாகுதோ என்னும் மரக்கட்டடம் இருக்கிறது. 1890-இல் டோக்கியோ இசைப்பள்ளிக்காக எழுப்பப்பட்ட கச்சேரி மண்டபம் அது. அப்பள்ளியின் மாணவர்கள் 1903-இல் இசையமைப்பாளர் குளுக்கின் ‘ஓர்ஃபியஸ்’ ஓபராவை, ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் பியானோவை மட்டும் துணையாகக் கொண்டு, ஜப்பானிய மொழியிலேயே பாடி மேடையேற்றினார்கள். அதில் நாயகி யூரிடிசியாகப் பாடிய மாணவிதான் பின்னாளில் தமாகி மியூரா என்று அறியப்பட்டு, 1915-இல் லண்டனில் புச்சினியின் ‘மதாம் பட்டர்ஃபிளை’ ஓபராவின் நாயகியாகப் பாடினார். அந்த ஓபராவின் கதை நிகழும் நாகசாகியில், குளோவர் தோட்டத்தில் அவருக்குச் சிலை எழுப்பியிருக்கிறார்கள். அந்த மண்டபத்துக்குள் நின்று இதைக் கேட்ட பிறகு, மாலையில் தேசிய அரங்கின் பாடகர் குழு பாடியதை நான் வேறு செவியோடு கேட்டேன். தனியாகப் போயிருந்தால் கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்லும் ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையில் ஹமாமட்சு இருக்கிறது. யமஹா, கவாய் ஆகிய இரண்டு பியானோ நிறுவனங்களுக்கும் அதுவே தாயகம். உலகின் பல பகுதிகளிலிருந்து சேர்த்த இசைக்கருவிகளுக்கென நகராட்சியின் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. உங்கள் தொகுப்பில் ஹமாமட்சு இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்.

வழிகாட்டியைப் பற்றி ஒன்று. ஜப்பானில் தேசியத் தேர்வில் தேறிய உரைபெயர்ப்பு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆனால் 2018 முதல் உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் பெற்று வழிகாட்டலாம் எனச் சட்டம் மாறிவிட்டது. உரிமம் பெற்றிருப்பதனாலேயே ஒருவர் இசை அறிந்தவராகிவிட மாட்டார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். யார் வருகிறார், எந்த இசைப்பயிற்சி உடையவர் என்று கேட்டு அறியுங்கள்.

பதில்: தென்றல்வழி

வியன்னாவா ஜப்பானா என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில், சீனாவில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் கோட்டை 1914-இல் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஜெர்மானியர்களில் சுமார் ஆயிரம் பேர், பிற்பாடு தோகுஷிமா மாநிலத்தின் பாண்டோ முகாமில் வைக்கப்பட்டார்கள். முகாமின் தலைவர் தோயோஹிசா மட்சுயே அவர்களைக் கண்ணியத்தோடு நடத்தினார். கைதிகள் இசைக்குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். பெண் குரல்களுக்கு உரிய பகுதிகளை ஆண்களுக்கேற்ப மாற்றியமைத்து, 1918 ஜூன் 1 அன்று, பாடகர் குழுவோடு முடியும் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை முழுமையாக இசைத்தார்கள். ஜப்பானில் அதுவே முதல் முறை. இன்றைக்கு அந்நாட்டில் டிசம்பர் பிறந்தால் அந்தச் சிம்பொனி கேட்காத பெருநகரம் கிடையாது. ஒசாகாவில் 1983 முதல் பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். பாடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு தொழில் செய்யும் சாதாரண மக்கள். அதில் வரும் கவிஞர் ஷில்லரின் ஜெர்மன் வரிகளை மாதக்கணக்கில் பயின்று மேடையேறுகிறார்கள். வெளியிலிருந்து வந்த ஓர் இசையை ஒரு மக்கள் இவ்வளவு மனமாரத் தமதாக்கிக்கொண்டதைக் காண வேண்டுமானால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே முடிந்தால் பயணத்தை டிசம்பருக்குத் தள்ளுங்கள் என்பேன். நவம்பரே என்றால், வியன்னா பில்ஹார்மானிக் இசைக்குழு அந்த மாதத்தில் டோக்கியோவின் சன்டோரி ஹால் என்னும் கச்சேரி அரங்குக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதைக் கேட்க டோக்கியோ வரை போவதைவிட, என்ஹெச்கே சிம்பொனி, கியோட்டோ சிம்பொனி போன்ற ஜப்பானிய இசைக்குழுக்களை அவர்களுடைய சொந்த ரசிகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்பது எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. மெதுவாக முடியும் ஒரு படைப்பில் கடைசி ஒலி அடங்கிய பிறகும், நடத்துநர் கையைத் தாழ்த்தும் வரை ஜப்பானிய அரங்குகளில் பெரும்பாலும் யாரும் அசைவதில்லை. முந்திக்கொண்டு கைதட்டுவதை அங்குள்ளோர் பெரிதும் வெறுக்கிறார்கள்.

நீலக்குறிஞ்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விடுப்பு நவம்பரில்தான் கிடைக்கும் என்பதால் டிசம்பருக்கு மாற்ற இயலாது. நான்கு விவரங்களையும் எழுத்தில் கேட்டுக் கடிதம் அனுப்புகிறேன். சீட்டுகளைப் பற்றி மட்டும் ஓர் ஐயம்: நிறுவனம் சீட்டு தர மறுத்தால், வெளியில் விற்பவர்களிடம் வாங்கலாமா? சன்டோரி ஹாலில் எந்தப் பகுதி நல்லது?

பதில்: மூன்றாம்வரிசை

வெளியில் வாங்க வேண்டாம். 2019 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, மறுவிற்பனை தடைசெய்யப்பட்ட சீட்டுகளைக் குறித்த விலைக்கு மேல் விற்பதைத் தொழிலாக நடத்துவது குற்றமாகும். அத்தகைய சீட்டோடு வருபவரை உள்ளே விடாமலும் போகலாம். அரங்குகளின் அதிகாரபூர்வத் தளங்களிலேயே ஆங்கிலத்தில் பதிவு செய்ய முடியும். சுற்றுலா நிறுவனம் ஜப்பானில் இயங்குவதாயின் பயண முகமைச் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

சன்டோரி ஹால் 1986-இல் திறக்கப்பட்டது. 2,006 இருக்கைகள் மேடையைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டத்துப் படிக்கட்டு வரப்புகளைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. சிம்பொனி மட்டும் என்றால் மேடைக்குப் பின்னுள்ள பகுதியைத் தயங்காமல் எடுங்கள். விலை குறைவு, நடத்துநரின் முகமும் கைகளும் முழுமையாகத் தெரியும், தாளக்கருவிகளும் கொம்புகளும் சற்று ஓங்கிக் கேட்கும். பாடகர் இருக்கும் நிகழ்ச்சிக்கு மட்டும் அங்கே உட்கார வேண்டாம். அவர் உங்களுக்கு முதுகைக் காட்டிப் பாடுவார், சொற்கள் தெளிவாக வந்து சேரா. அன்றைக்கு மேடைக்கு எதிரே உள்ள நடுப்பகுதியில் இரண்டு இருக்கைகள் வாங்கிவிடுங்கள்.