ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென நின்றது, பிளக்கில் பொறி இல்லை: உதவி தேவை

உவர்மலை:
வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா கேஇ 70 கரோலா. அதன் பழைய 4கே எஞ்சினுக்குப் பதிலாக ஏஇ 92 காரின் 4ஏ-ஜிஇ எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கிறது. மாற்றிய நிலையிலேயே வாங்கினேன். நேற்று மாலை குச்சவெளியிலிருந்து திரும்பும்போது, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும் எஞ்சின் சட்டென்று அணைந்துவிட்டது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை. கயிறு கட்டி இழுத்துத்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலோடு சேர்த்துவைத்துப் பார்த்தேன், பொறி இல்லை. பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயரிலும் இல்லை. பெற்றோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனாலும் பிளக் நுனிகள் காய்ந்தே இருக்கின்றன. பியூஸ் எதுவும் எரியவில்லை. சாவியைப் போட்டுச் சிறிது நேரம் வைத்திருந்தாலே கொயில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. கடந்த வாரம் குண்டும் குழியுமான இடங்களில் எஞ்சின் இடறியது. அப்போது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டத் தனியாகப் பூட்டியிருக்கும் ஆர்பிஎம் மீற்றரின் முள்ளும் பூச்சியத்துக்கு விழுந்து எழும்பியது.

கராஜில் டிஸ்ட்ரிபியூட்டர், இக்னைட்டர் (கொயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டு அறுக்கும் மின்னணுச் சுவிட்ச்), கொயில் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் கையில் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

சாம்பல்தீவு:
முதலில் எர்த்தை, அதாவது பற்றரியின் நெகட்டிவோடு சேரும் இணைப்பை, பாருங்கள். இந்த இக்னைட்டருக்கு அதைத் தாங்கும் தகடுதான் எர்த். நம் ஊர் உப்புக்காற்றில் அந்த ஆணியடியில் துரு பிடித்தாலும், பெயின்ற் பூசிய தகட்டின் மேல் பூட்டியிருந்தாலும் பொறி போய்விடும். பிளக் காய்ந்திருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து எஞ்சின் சுழற்சியை உணரும் பிக்கப் மீதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

கிண்ணியா:
தம்பி, ஒன்றும் வாங்க வேண்டாம், பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

கொயில் ஏன் சுடுகிறது? எஞ்சின் சுற்றாத நேரத்தில் இக்னைட்டர் கொயிலின் நெகட்டிவ் பக்கத்தை எர்த்திலிருந்து துண்டித்துவைத்திருக்க வேண்டும், கொயிலில் மின்னோட்டமே இருக்கக்கூடாது. அது சுடுகிறதென்றால் பொசிட்டிவ் பக்கம் மின்சாரம் வருகிறது, நெகட்டிவ் பக்கம் எங்கோ நிரந்தரமாக எர்த்தில் ஒட்டியிருக்கிறது. இக்னைட்டரின் எர்த் விட்டிருந்தால் கொயில் குளிர்ந்தே கிடக்கும். பொறி பிறப்பது அந்த மின்னோட்டம் அறுபடும் கணத்தில். அறுபடாவிட்டால் பொறியும் இல்லை.

பிளக் காய்ந்திருப்பதை வைத்துப் பிக்கப்பைக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு முறை கொயிலை அறுக்கும்போதும் இக்னைட்டர் ஐஜிஎஃப் என்ற பதில் சமிக்ஞையை எஞ்சின் கணினிக்கு அனுப்பும். அது வராவிட்டால் கணினி பெற்றோல் தெளிப்பதையும் நிறுத்திவிடும், எரியாத பெற்றோல் சைலன்ஸருக்குள் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக. உங்கள் காரில் எஞ்சின் விளக்கு இணைத்திருந்தால், டயக்னோசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போடுங்கள். விளக்கு ஒரு முறை மின்னி, இடைவெளி விட்டு நான்கு முறை மின்னினால் அது 14, ஐஜிஎஃப் வரவில்லை என்று பொருள். 12 வந்தால்தான் டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த ஆர்பிஎம் மீற்றரின் வயர் கொயில் நெகட்டிவில்தான் இணைந்திருக்கும். என் முதல் சந்தேகம் அதுதான். கொயில் ஆறட்டும். சாவியைப் போட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றாமல், நெகட்டிவ் முனைக்கும் பற்றரியின் எர்த்துக்கும் இடையே வோல்ட் அளந்துவிட்டு உடனே சாவியை எடுங்கள். பற்றரியின் வோல்ட் அங்கே அப்படியே இருக்க வேண்டும். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் மீற்றர் வயரைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். 12 வோல்ட் ஏறினால் அந்த வயர்தான் குற்றவாளி. ஏறாவிட்டால் இக்னைட்டர் இணைப்பைக் கழற்றி அளந்து பாருங்கள். அப்போது ஏறினால் இக்னைட்டர் உள்ளே செத்துவிட்டது. எதையும் சாவியை எடுத்த பிறகே கழற்றுங்கள்.

பொறி பார்க்கும்போது வயரை அந்தரத்தில் விடாதீர்கள். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் நல்ல இக்னைட்டரையும் கொன்றுவிடும். கையால் பிடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

நிலாவெளி:
என் காரில் களவு எச்சரிக்கைக் கருவியின் ரிலே இதே தொல்லை தந்தது. அப்படி ஏதாவது பூட்டியிருக்கிறதா?

உவர்மலை:
இல்லை அண்ணா, அந்தக் கருவி இந்தக் காரில் இல்லை.

கிண்ணியா நானா, குறி 14 வந்தது. நெகட்டிவில் 0.3 வோல்ட்தான் இருந்தது. மீற்றர் வயரைக் கழற்றியதும் 12.4 ஆனது! நடு வயரில் நீலப் பொறி வருகிறது, எஞ்சினும் பற்றிவிட்டது. வயர் எஞ்சின் அறையின் பின்தகட்டுத் துளை வழியாக வெறுமனே போகிறது, ரப்பர் வளையம் இல்லை. அதிர்ந்து அதிர்ந்து தோல் உரிந்து செம்பு தகட்டில் பட்டிருக்கிறது. மிகவும் நன்றி, பெரிய செலவிலிருந்து காப்பாற்றினீர்கள். கொயில் அவ்வளவு சுட்டதே, அதை மாற்ற வேண்டுமா?

கிண்ணியா:
அல்ஹம்துலில்லாஹ். கொயிலை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு அதன் இரண்டு கம்பிச் சுற்றுகளின் ஓம் (மின்தடை) அளவையும் எடுத்து 4ஏ-ஜிஇ கைநூலோடு ஒப்பிடுங்கள். பிறகு நிலாவெளி வரை போய்த் திரும்புங்கள். அதிகச் சூட்டில் கொயிலின் உள் காப்பு பழுதாகியிருந்தால், எஞ்சின் சூடேறிய பிறகுதான் இடறும். கொயில் உடலில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது வயரை ரப்பர் வளையத்துக்குள்ளால் எடுங்கள். சாம்பல்தீவுக்காரர் சொன்ன தகட்டையும் இந்த வேலையோடு சுரண்டித் துடைத்து, நேராகப் பற்றரி எர்த்துக்கு ஒரு வயர் கொடுத்துவிடுங்கள்.