'எண்ணிம ஒலிவடம்' வேண்டாம், 'சீரெதிர்ப்பு வடம்' என்போம்

வணக்கம் ஐயா,

'டிஜிட்டல் ஆடியோ கேபிள்' என்பதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'எண்ணிம ஒலிவடம்' எனக்குச் சரியாகப் படவில்லை ('எண்ணிம' என்றால் டிஜிட்டல்). கடலூர் மஞ்சக்குப்பத்தில் 15 வருடமாக மைக்செட் வேலை பார்க்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மைக்செட் கட்டும்போது மைக் வயர் பத்தவில்லை. வண்டியில் 110 ஓம் டிஜிட்டல் கேபிள் ஒரு சுருள் கிடந்தது, இரண்டு முனையிலும் மைக் வயரில் இருக்கிற அதே எக்ஸ்எல்ஆர் செருகிதான். எடுத்துப் போடச் சொன்னால் கூட இருந்த தம்பி, "அண்ணே, அது டிஜிட்டல், மைக்குக்கு ஆகாது" என்று தொடவே மாட்டேன் என்கிறான். நானே போட்டேன், ராத்திரி வரைக்கும் ஒரு இரைச்சல் இல்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, பெயர் அப்படி.

காதுக்குக் கேட்கிற ஒலி 20,000 ஹெர்ட்சோடு முடிந்துவிடும், அந்த அலைக்கு கேபிளுக்குள் நீளமே ஏறக்குறைய 10 கிலோமீட்டர், 50 மீட்டர் வயர் அதற்கு எம்மாத்திரம்? கேபிளின் எதிர்ப்பு (இம்பீடன்ஸ்) 110 ஓமா 60 ஓமா என்பது அங்கே பொருட்டே இல்லை. இன்னும் சொன்னால் இந்தக் கேபிளில் மின்தேக்குத்திறன் குறைவு, நீளமாக இழுத்தாலும் உச்ச ஒலி (ட்ரெபிள்) மங்காது. மாற்றி, டிஜிட்டல் இணைப்புக்கு மைக் வயரைப் போட்டால்தான் வம்பு. டிஜிட்டல் ஒலியை அனுப்பும் 48 கிலோஹெர்ட்ஸ் ஏஇஎஸ்3 இணைப்பில் நொடிக்கு 30,72,000 பிட் ஓடுகிறது. சாதாரண மைக் வயர் 110 ஓமோடு பொருந்தாததால் குறிகையில் (சிக்னலில்) ஒரு பங்கு முனையில் மோதித் திரும்பி அடுத்து வருவதைக் குழப்பும், நீளம் கூடக்கூட சத்தம் விட்டுவிட்டு அறுபடும்.

ஆக, இந்தக் கேபிளின் தனித்தன்மை முறுக்கும் உறையின் தடிமனும் ஒரே சீராக இருந்து, நெடுகிலும் எதிர்ப்பு மாறாமல் நிற்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலிலேயே 'மின் எதிர்ப்பு' இருக்கிறது, அதிலிருந்து 'சீரெதிர்ப்பு வடம்'. டிஜிட்டல் ஒலிக்குப் போடும் இன்னொரு வகையான 75 ஓம் கேபிளும் இதில் அடங்கும். ஒளியிழை அடங்காது, மைக் குறிகையை அதில் நேராக விடவும் முடியாது, ஆனால் 'எண்ணிம ஒலிவடம்' என்றால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

'வடம்' நல்ல சொல். பாடலீஸ்வரர் தேரை இழுத்தவர்களுக்குத் தெரியும், புரிபுரியாக முறுக்கினால்தான் வடம். முறுக்கிய இணை உள்ளே ஓடும் கேபிளுக்கு 'கம்பி'யைவிட இதுதான் பொருத்தம்.

'எதிர்ப்பு' என்று வருவது உறுத்தினால் வேறு சொல் தாருங்கள், 'எண்ணிம' மட்டும் அதில் வர வேண்டாம்.